நாற்பத்தொரு பெட்டி மணலும் ஒரு கூம்புச் சங்கும்

அதிகாலை 5.10. திருநெல்வேலி டவுண் வாகையடி முக்கில் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றோம்: நான், என் மனைவி காந்திமதி, அவள் தம்பி சுடலைமுத்து. ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் சேலைப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக நிற்பவன் நான். கடைக்கு லீவு சொல்வதென்றால் எனக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. சுடலைமுத்துவுக்காகச் சொன்னேன். உவரிக் கடற்கரையில் அவனுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது.

சுடலைமுத்து ஆழ்வார்குறிச்சியில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவன். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அவன் வலது கை சிக்கியது. பாளையங்கோட்டையில் இரண்டு ஆபரேஷன். கை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை தையல் தடம் ஓடும். சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. மற்றபடி மண்வெட்டி பிடிக்கிறான், சோறு பிசைந்து சாப்பிடுகிறான். கை தங்கினால் உவரி சாமிக்கு நாற்பத்தொரு பெட்டி கடல் மண் சுமப்பேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே நேர்ந்திருந்தான். இந்த மாசியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும், முந்தின நாள் மாலைப் பாசஞ்சரில் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

டவுண் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கும் சுடலைமுத்துவுக்கும் டிக்கெட் எடுக்க நான் சில்லறை துழாவிக்கொண்டிருக்க, காந்திமதி ஜன்னலோரம் மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கிழக்கு லேசாக வெளுத்தது. தாமிரபரணியில் அந்நேரத்திலேயே நாலைந்து தலைகள் மிதந்தன. இந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வராது. அது நல்லதா கெட்டதா என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் யோசித்தேன்.

5.50. புதிய பஸ் நிலையத்தில் திசையன்விளை பஸ். ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பாளையங்கோட்டையைத் தாண்டியதும் வாழையும் வயலும் பின்வாங்கிக்கொண்டன. மூலைக்கரைப்பட்டி வந்தபோது மண் சிவந்திருந்தது. இட்டமொழிக்கு முன்னால் இருபக்கமும் பனையும் உடைமரமும், நடுநடுவே காற்றாலைகளும் நின்றன. சுடலைமுத்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தான். "தண்ணி இல்லாமலே இவ்வளவு பேரு பொழைக்காங்களே" என்று ஆச்சரியப்பட்டான். நெல்லைத் தவிர வேறெதுவும் பயிரே இல்லை என்று நினைக்கிற ஜாதி அவன்.

7.25. திசையன்விளை. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி எட்டு ரூபாய், ரசவடை பத்து. சாம்பாரில் முருங்கைக்காய் கொட்டிக் கிடந்தது. தெருவோரம் ஒருவர் பதனீர் விற்றார், குவளை முப்பது ரூபாய். வருடத்தின் முதல் பதனீர் என்று சொல்லி மூன்று பேரும் இரண்டு குவளை வீதம் குடித்தோம். இன்றைக்கும் அந்த இனிப்பு நாக்கில் நிற்கிறது. அங்கிருந்து உவரி எட்டொன்பது கிலோமீட்டர்தான், சிற்றுந்தில் இருபது நிமிடம்.

8.15. உவரி. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கடல் காதில் விழுகிறது. கோயில் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. வாசலில் பனையோலைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னது முப்பது ரூபாய், பெரியது அறுபது. சுடலைமுத்து பெரியதைத் தூக்கினான். "லே, சின்னது எடுலே, கை இருக்க இருப்புக்கு" என்றாள் காந்திமதி. "அக்கா, சாமிகிட்ட போயி கஞ்சத்தனம் பண்ணச் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டு அறுபது ரூபாயை நீட்டினான்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டிக்கொண்டவர் முதலில் கடலில் முங்கி எழ வேண்டும். ஈரத் துணியோடு அலை விளிம்பில் குனிந்து, கையாலேயே மண்ணை அள்ளிப் பெட்டியை நிரப்ப வேண்டும். தலையில் ஏற்றிக் கோயிலுக்கு முன்னால் இருக்கிற மணல் குவியலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பதினொன்றோ நாற்பத்தொன்றோ, நேர்ந்த கணக்கு முடியும்வரை நடை. உடன் வந்தவர்கள் எண்ணலாம், சுமக்கக் கூடாது. காந்திமதி வீட்டிலிருந்தே நாற்பத்தொரு புளியங்கொட்டையைப் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மணலில் குடையை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கைப்பேசியில் படம் எடுத்தேன். வெயில் சுள்ளென்று ஏறவில்லை, காற்று நன்றாக இருந்தது. இப்படி ஒரு காலைப்பொழுது எனக்குக் கிடைத்துப் பல வருடமாயிற்று. சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

9.40. முப்பத்துமூன்று கொட்டைகள் இடம் மாறியிருந்தன. முப்பத்துநாலாவது பெட்டிக்கு மண் அள்ளிய சுடலைமுத்து, "அத்தான், இங்கன வாங்க, இதப் பாருங்க" என்று கூப்பிட்டான்.

ஈர மண்ணோடு பெட்டிக்குள் ஒரு சங்கு வந்திருந்தது. என் நடுவிரல் நீளம் இருக்கும். ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுங்கிக் கூம்பு வடிவம். அதன் மேல் இருந்த வேலைப்பாட்டைக் குனிந்து பார்த்தேன். பொன் பழுப்பில் இழை இழையாகக் கோடு. அதன் மேலே வெள்ளை முக்கோணங்கள், சிறிதும் பெரிதுமாக ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன. எங்கும் ஒழுங்கில்லை, எங்கும் தப்பும் இல்லை. லட்சம் சேலை விரித்திருப்பேன். இந்த டிசைனை ஒருவரும் நெய்து காட்டியதில்லை. வீரவநல்லூரில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அனுப்பினால் முந்தானைக்குப் போட்டுத் தருவார் என்று மனசு அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது.

"உள்ளங்கைல வை மாப்ள, ஒரு படம் எடுக்கேன்" என்றேன்.

இடது கையில் பெட்டி இருந்ததால் வலது உள்ளங்கையில் வைத்தான். உயிர் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. எங்கள் பக்கத்தில் வயல் நத்தை ஓட்டுக்குள் சுருண்டுகொண்டால் உள்ளங்கைச் சூட்டில் வைத்து வாயால் ஊதுவோம். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டிவிடும். நானும் ஊதியிருக்கிறேன், அவனும் ஊதியிருக்கிறான், ஆழ்வார்குறிச்சிக் கால்வாய்க் கரையில் ஊதாதவர்களே கிடையாது. "ஊது, வெளிய வரட்டும்" என்றேன். அவன் ஊதினான். ஒடுங்கிய முனையிலிருந்து சிவப்பாக ஒரு மெல்லிய குழாய் மெதுவாக நீண்டது.

"வருதுவே! ஆடாத, ஆடாத" என்று சொல்லிக்கொண்டே மூன்று படம் எடுத்தேன்.

அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது. "ஏ! கையக் கவுத்து வே! கீழ போடு அத!"

கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்குப் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர், கையில் துடுப்போடு எங்களை நோக்கி ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் மிக்கேல் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துச் சுடலைமுத்து வேறு மாதிரி நினைத்துவிட்டான். சாமிக்கு அள்ளிய மண்ணில் எது வந்தாலும் அதுவும் சாமிக்கே போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். பெட்டியில் வந்ததை இந்த ஆள் பிடுங்கிக்கொள்ளப் போகிறார் என்று எண்ணி, விரல்களை இறுக மூடிக்கொண்டான்.

மிக்கேல் இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. சத்தத்தைத் தணித்துப் பேசினார்.

"அண்ணாச்சி, அது எனக்கு வேண்டாம். சாமிக்கே போவட்டும். அது கொத்துற சாதி. நெருக்குனா கொத்திரும். பைய விரலத் தொறந்து, கையக் கவுத்துங்க. பைய."

சுடலைமுத்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சங்கு ஈர மணலில் விழுந்தது. மிக்கேல் துடுப்பு முனையால் அதை நெட்டித் தள்ளித் தள்ளி, அலைக்குள் நின்ற பாறைக்கு அப்பால் ஆழத்தில் விட்டுவிட்டு வந்தார்.

"கொத்திச்சா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணாச்சி."

"ஊசி ஏறுன மாதிரி இருந்திருக்குமே?"

"இந்த ரெண்டு விரல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மோதிர விரலையும் சுண்டுவிரலையும் காட்டினான் சுடலைமுத்து.

மிக்கேலின் முகம் மாறியது. குடையை விட்டு ஓடி வந்த காந்திமதியும் சேர்ந்து மூவரும் அவன் கையின் மேல் குனிந்தோம். முப்பத்துமூன்று பெட்டி சுமந்த கை. ஓலை விளிம்பு கீறிய சிவப்புப் புள்ளிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. மோதிர விரலின் அடியில் இருந்த புள்ளி ஓலை கீறியதா சங்கு கொத்தியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"வலை பிரிக்கும்போது இது வந்தா நாங்க கையால தொடமாட்டோம். கட்டையால தள்ளிருவோம்" என்றார் மிக்கேல். "எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கொத்தி, கண்ணுமடல் தூக்க முடியல. பொறவு பேச்சுக் கொழறி, மூச்சு வாங்கிச்சு. ஆஸ்பத்திரில மெசின் வச்சுத்தான் பொழச்சாரு. இவர நடக்க விடாதீங்க. ஆட்டோ வரச் சொல்லுதேன்."

என் தோளில் கிடந்த நேரியலை மடித்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுற்றிக் கட்டினேன். துணி மடிக்கத் தெரிந்த கைதான். அன்றைக்கு முதல் மடிப்பே கோணிப்போயிற்று. காந்திமதி புளியங்கொட்டைகளை இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டாள்: சுமந்தது முப்பத்துமூன்று, மிச்சம் எட்டு. "சேல சேலன்னு அலைஞ்சு எந்தம்பி கையக் கொண்டுபோயி…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடித்துத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

10.20. திசையன்விளை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. டாக்டர் ஓர் இளம்பெண், கடலோர ஊர்க்காரர். என் கைப்பேசிப் படத்தைப் பார்த்ததுமே சங்கைத் தெரிந்துகொண்டார். இதில் பல வகை உண்டாம். சில புழுவைத் தின்னும், சில மற்ற நத்தைகளை, சில மீனையே. ஓட முடியாத பிராணி ஆகையால், பல்லையே ஊசியாக்கி, அதில் விஷத்தை ஏற்றி, அந்தக் குழாய் வழியாகக் குத்துமாம். விஷமுறிவு மருந்து கிடையாது. விஷம் தானாக இறங்கும்வரை மூச்சைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் வைத்தியம். "நிறையப் பேருக்குக் குளவி கொட்டின அளவோடயே போயிரும். ஆனா நாம பாத்துக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் நாலரை வரைக்கும் இங்கயே படுங்க" என்றார்.

அரைமணிக்கு ஒருமுறை வந்து மூன்று காரியம் செய்யச் சொன்னார்: கண்ணை அகலத் திறக்க வேண்டும், ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க வேண்டும், மூச்சை இழுத்து ஒரே மூச்சில் எண்ண வேண்டும். முதல் தடவை சுடலைமுத்து முப்பத்துமூன்று வரை எண்ணிச் சட்டென்று நிறுத்தினான். டாக்டர் பதறிப்போய், "மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. முப்பத்துமூணு பெட்டிதான் சொமந்திருக்கேன். அதுக்கு மேல எண்ணுனா பொய்யில்லா."

டாக்டர் சிரித்துவிட்டார். காந்திமதி அழுதுகொண்டே சிரித்தாள். இது சாமிக் கணக்கு இல்லை, மூச்சுக் கணக்கு என்று விளக்கிச் சொல்லி மறுபடி எண்ண வைத்தார்கள். நாற்பத்தெட்டு வரை போனான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் வெறும் சங்கு. இரண்டாவதில் குழாய் நுனி லேசாகத் தெரிந்தது. மூன்றாவதில் அது நன்றாக நீண்டு மோதிர விரலின் அடிப்பக்கம் திரும்பியிருந்தது. நுனிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அகலம் இருக்கலாம். அதற்குப் பிறகு அவன் கையை மூடியிருக்கிறான். இயந்திரத்திலிருந்து மீண்டு வந்த கை. அதைப் பார்த்துத்தான் நான் ஆடாதே ஆடாதே என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மதியம் ஒரு மணிக்குக் கண் மடல் நேராக இருந்தது. இரண்டரைக்கு எலுமிச்சைச் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டில்காரரிடம் இட்டமொழிப் பக்கம் முருங்கை என்ன விலை போகிறது என்று விசாரித்தான். கொத்தியதா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. கொத்தியிருந்தாலும் விஷம் ஏறவில்லை என்றார் டாக்டர். இந்தச் சங்கு இனத்தில் ஒரு வகையின் விஷத்திலிருந்து, தாங்க முடியாத வலிக்கு மருந்து எடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "அப்ப கெட்டதுன்னு சொல்ல முடியாது" என்றான் சுடலைமுத்து. மொத்தச் செலவு எழுநூற்றைம்பது ரூபாய். நாலரைக்கு விட்டுவிட்டார்கள்.

"கனம் மட்டும் இன்னிக்குத் தூக்க வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது சுடலைமுத்துவின் முகம் தொங்கிப்போயிற்று. காந்திமதிதான் வழி கண்டுபிடித்தாள். "பெட்டி எத்தனன்னுதானே நேந்திருக்க? எம்புட்டுப் பெரிசுன்னு நேரலையே."

5.05. மறுபடியும் உவரி. முப்பது ரூபாய்க்குச் சின்னப் பெட்டி. அதிலும் பாதிக்கு மேல் நிரப்ப விடவில்லை காந்திமதி. மிக்கேல் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். ஒவ்வொரு தடவை சுடலைமுத்து குனியும் முன்பும் துடுப்பு முனையால் அந்த மண்ணைக் கிளறிப் பார்த்து, "ம், அள்ளுங்க" என்றார். தன் ஊர்க் குருசடியில் சாயங்கால மணி அடித்தபோது ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறு கையால் கிளறினார். எட்டுக் கொட்டைகளும் இடம் மாறின. நாற்பத்தொன்றாவது பெட்டியைக் கொட்டிவிட்டுச் சுடலைமுத்து அந்த மணலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். மிக்கேலுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் நான் சட்டைப்பையைத் தொட்டேன். "துட்ட எடுத்தீங்கன்னா கோவம் வரும்" என்றார். சேலை எடுக்க டவுணுக்கு வந்தால் என் கடைக்கு வாருங்கள் என்று சொல்லி முகவரி கொடுத்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகவும் நிச்சயம் வருவதாகவும் சொன்னார்.

6.10. திரும்பும் பஸ். திசையன்விளையில் மாறி உட்கார்ந்ததும் காந்திமதி தூங்கிவிட்டாள். வெளியே பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எங்கள் ஆற்றங்கரையில் எதையும் கையில் எடுத்துப் பார்ப்போம்: நண்டு, நத்தை, தண்ணீர்ப்பாம்பு எல்லாவற்றையும். கடற்கரைக்காரர்கள் முதலில் கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் பயந்தவர்கள் இல்லை, தினமும் அதில் இறங்குகிறவர்கள். நாங்கள்தான் தண்ணீர் எல்லாம் தாமிரபரணி என்று நினைத்துப் போய்விட்டோம்.

சுடலைமுத்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"மாப்ள, ஆடாத ஆடாதன்னு சொன்னது நாந்தான். எனக்குப் படந்தான் பெரிசாப் போச்சு. உன் கைய நெனைக்கல. மனசுல வச்சுக்கிடாத."

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்த்தபடியே சொன்னான்.

"அந்தக் கொழாயி என் விரல் பக்கம் திரும்புனத நானும் பாத்தேன் அத்தான். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு. கீழ போட்டுருக்கலாம். ஆனா நீங்க படம் எடுக்கியள்லா, அதான் ஆடாம நின்னேன்."

"ஏன்டா அப்படி?"

"வெட்டுப்பட்ட பொறவு இந்தக் கைய யாரும் படம் எடுக்கல. கல்யாண வீட்டுல கூட, துண்டப் போட்டு மூடிக்கோன்னுதான் சொல்லுதாங்க."

அவன் இடது கையை நீட்டிக் கைப்பேசியைக் கேட்டான். மூன்று படங்களையும் காட்டினேன். தள்ளித் தள்ளிப் பார்த்து மூன்றாவதில் நிறுத்தினான். குழாய் நீண்டிருந்த படம். அதை நான் அழித்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

"இத எனக்கு அனுப்புங்க. இதுலதான் அஞ்சு வெரலும் நேரா இருக்கு."